வைரம் உள்ளேயா, வெளியேயா?

மோகனூரில் காவிரிக் கரையை அடுத்த ஓர் ஆசாரியின் பட்டறையிலே சற்று நின்றேன். ஒரு பக்கம் வேம்பு. மறு பக்கம் தென்னை. இரண்டும் அப்போதுதான் அறுபட்டவை. "வேம்புக்கு வைரம் உள்ளே இருக்குதுங்க, தென்னைக்கு வெளியே. நடுவிலே சோறுதானுங்க" என்றார் ஆசாரி.

தொல்காப்பியர் மரபியலில் வகுத்ததும் இதுவே. வைரத்தை அகத்தே உடையது மரம். புறத்தே உடையது புல். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல்! இக்காலத் தாவர சாஸ்திரமும் தென்னையைப் புல்லோடு சேர்த்து ஒரே பெரும் பிரிவில்தான் வைக்கிறது. வேம்பின் பட்டைக்கடியில் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் உட்புறமாக மரத்தை அடுக்குவது அதுவே. தென்னையின் மூதாதைகள் அப்படலத்தை இழந்துவிட்டன.

அப்படியானால், மரம் என்னும் பொருள் ஆதியில் எதற்காகத் தோன்றிற்று? நிமிர்ந்து நிற்பதற்காக என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். பிரான்ஸிலும் கனடாவிலும் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான கற்படிவங்களைப் பற்றி 2011-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அவை விரற்பருமன்கூட இல்லாத செடிகள். ஆயினும் உள்ளே மரம் இருந்தது. அத்தனை சிறு செடிக்குத் தூண் எதற்கு? தண்ணீரை ஏற்றவே மரம் முதலில் உண்டாயிற்று என்பது அவ்வறிஞர்களின் முடிவு. தூண் வேலை பிற்பாடு வந்து சேர்ந்தது.

பைன் முதலிய ஊசியிலை மரங்களில் ஒரே வகைக் குறுகிய நுண்குழல்கள் நீரையும் ஏற்றும், பாரத்தையும் தாங்கும். பூக்கும் மரங்களிற் பெரும்பாலானவை இவ்வேலையைப் பங்கிட்டன: தாங்குவதற்கு நார், நீருக்கு அகன்ற குழாய். குழாயின் குறுக்களவு இரட்டித்தால் நீரோட்டம் 16 மடங்காகும். ஆனால் ஆபத்தும் உண்டு. கடும் வறட்சியில் நீர்த்தொடர் அறுந்து காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் அக்குழாய் பயனற்றதாகும். அகன்ற குழாய் போனால் நஷ்டமும் பெரிது.

பழைய வகை மரத்தைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், கடல் அங்கே பரந்திருந்த கிரேட்டேஷியஸ் யுகத்தில் புதையுண்டு கல்லாகிப்போன ஊசியிலை மரம் ஒன்று கிடக்கிறது. நீளம் சுமார் 18 மீட்டர். 1940-ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது.

இதை ஆசாரியிடம் சொன்னேன். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"பதினெட்டு மீட்டருங்களா? முடிச்சு இல்லாமல் இருக்குதுங்களா?" என்றார்.