பொறி எழுதும் நாட்குறிப்பு

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மண்டி நடத்தும் அன்பர் ஒருவர் வினவுகிறார்: "எங்கள் கடைக் கணிப்பொறியில் ஓர் இரவு வரவுத் தொகை ஒன்று திருத்தப்பட்டிருந்தது. 9 ஆண்டுகளாக எங்களிடம் கணக்கெழுதுபவர், தாம் அன்று மாலை 7 மணிக்கே வீடு சென்றதாகச் சொல்கிறார். பொறியின் நிகழ்வுப் பதிவைத் திறந்து பார்த்தால், 6 நாள்களுக்கு முந்திய குறிப்பு ஒன்றுகூட இல்லை. சம்பவம் நடந்தோ 11 நாள்கள் ஆகின்றன. யாரேனும் அழித்திருப்பார்களோ?"

அன்பரே, அவசரப்பட வேண்டாம். பொறியே அழித்திருக்கலாம். கணிப்பொறியை யார் எப்போது திறந்தார், எந்த வேளையில் அது திடீரென நின்றது என்பனவற்றை விண்டோஸ் தானாகவே எழுதி வைக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பேட்டுக்குப் பக்க வரம்பு உண்டு. கடைகளிலும் வீடுகளிலும் உள்ள பொறிகளில் அது வழக்கமாக 20 மெகாபைட், அதாவது 20,480 கிலோபைட். ஏடு நிறைந்ததும் பழைய வரிகளைத் துடைத்துவிட்டுப் புதியவற்றை எழுதுவது அதன் இயல்பு. பள்ளிச் சிறுவனின் சிலேட்டைப் போலத்தான்! மனிதர் எவரேனும் 'செக்யூரிட்டி' ஏட்டை அழித்திருந்தால், அழித்தவருடைய பயனர் பெயருடன் 1102 என்னும் எண்ணிட்ட குறிப்பு புதிய ஏட்டின் முதல் வரியாக நிற்கும். உங்கள் ஏட்டின் மிகப் பழைய வரி அதுவா எனப் பாருங்கள். அன்றெனில், ஏடு நிறைந்து வழிந்ததே காரணம்.

இனி அளவைக் கூட்டும் முறை. 'ஈவென்ட் வியூவர்' என்பதைத் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதன்கீழ் உள்ள 'செக்யூரிட்டி'யின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' செல்க. அங்கே உச்ச அளவும், ஏடு நிறைந்தால் செய்யவேண்டியது பற்றிய மூன்று வழிகளும் இருக்கும். முதலாவது, மேலே சொன்ன சிலேட்டு வழி. இரண்டாவது, நிறைந்த ஏட்டைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் புதிய ஏடு தொடங்குவது. நம் மண்டிக்காரர்கள் பேரேட்டுக்குச் செய்வதே இது. ஆயினும் பரணும் ஒருநாள் நிறையும். ஆதலின் அக்கோப்புகளை அவ்வப்போது வேறொரு வட்டுக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, நாமே அழிக்கும்வரை எதையும் துடைக்காதிருப்பது. நிறைந்தபின் புதியது எதுவும் பதிவாகாது என்பதால் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வளவு கூட்டுவது? மெகாபைட்டில் சிந்திக்காமல் நாள்களில் சிந்தியுங்கள். 20 மெகாபைட் உங்கள் கடையில் 6 நாள்களுக்குப் போதுமானதாக இருந்தது. 180 நாள்களுக்கு அதன் 30 மடங்கு, 600 மெகாபைட் வேண்டும். கட்டத்தில் 6,14,400 என்று எழுதுக. இன்றைய வட்டுகளில் இது ஒரு மூலை இடமே. 180 என்ற எண் என் கற்பனையன்று. நடுவண் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் இட்ட ஆணை, நிறுவனங்கள் தம் கணினிப் பதிவுகளை 180 நாள்கள் காத்து வைக்கவேண்டும் என்கிறது. சிறு கடைக்கும் அது நல்ல அளவுகோல்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கடையில் நால்வரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் பொறியைத் திறப்பீர்களாயின், ஏடு எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை. வந்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. ஆளுக்கொரு பெயர் அமைத்துவிடுங்கள்.

கணக்கின் தொகையை மாற்றியது யார் என்பது இந்த ஏட்டில் இராது. அது கணக்கு மென்பொருளின் திருத்தப் பதிவில் இருக்கும். கம்பெனிகளுக்கு அப்பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாயிற்று. உங்கள் மென்பொருளிலும் அவ்வசதி உண்டா, இயக்கத்தில் இருந்ததா எனக் கேட்டறிக.

கைவிட்டுப் போன நாள்களுக்கும் ஒரு வழி எஞ்சியுள்ளது. 'செக்யூரிட்டி'க்கு அருகிலேயே 'சிஸ்டம்' என்ற வேறோர் ஏடு இருக்கிறது. அதில் வரிகள் குறைவாகவே விழும். ஆகையால் பெரும்பாலும் பல வாரங்கள் பின்னோக்கிச் செல்லும். பொறி விழித்ததும் உறங்கியதும், மின்சாரம் போய்த் திடுமென நின்றதும் அங்கே நேரத்துடன் இருக்கும். முதலில் பொறியின் கடிகாரம் சரியா எனப் பாருங்கள். மின்கலம் தீர்ந்த பழைய பொறிகள் தேதியையே தவறாகக் காட்டுவதுண்டு. பின்னர் அந்த ஏட்டைத் தனிக் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, அன்றிரவு 7 மணிக்குப்பின் பொறி இயங்கியதா என்று தேடுக. கணக்கெழுதுபவரிடம் மறு வார்த்தை பேசுவது அதன்பிறகு இருக்கட்டும்.