கோட்டை வேஷம் பூண்ட வீடு

கோட்டை என்றதும் அகழியும் மதிலும் நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் கோட்டையைப்போல் வேஷம் பூண்ட வீடுகளும் உலகில் உண்டு. இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லைக்கு அருகே ஷ்ராப்ஷயரில் உள்ள ஸ்டோக்ஸே மாளிகை அவற்றுள் ஒன்று.

இதைக் கட்டியவர் படைத்தலைவரல்லர். லட்லோ நகரத்து லாரன்ஸ் என்ற ஆட்டுரோம வியாபாரி. 1283-ல் வேல்ஸ் நாடு முதலாம் எட்வர்டு மன்னனுக்கு அடிபணியவே, எல்லையில் கலகம் ஓய்ந்தது. வியாபாரிக்குத் துணிவு பிறந்தது. கோட்டை மதிலுக்குரிய பல்வரிசையை வைத்துக்கொள்ள 1291-ல் அரசனிடம் அனுமதிச் சாசனமும் பெற்றார்.

உள்ளே பிரவேசித்தாலோ உண்மை வெளிப்படுகிறது. சுமார் 54 அடி நீளமும் 31 அடி அகலமும் கொண்ட கூடம். இடையில் தூணே இன்றி நிற்கும் மரக்கூரை. தரை நடுவே கணப்பு. அகழியை நோக்கிய சுவரிலேயே ஆளுயரத்தை மிஞ்சிய ஜன்னல்கள்! முற்றுகைக்கு அஞ்சுகிறவன் இப்படி ஜன்னல் வைப்பானா? அயலார் மதிக்கவேண்டும் என்பதற்காக எழுந்த கோட்டை இது என்றே நமக்குத் தோன்றுகிறது.

லாரன்ஸ் அதை நெடுநாள் அநுபவிக்கவில்லை. 1294-ல், ரோமம் ஏற்றிச் சென்ற கப்பல் கவிழ்ந்து மாண்டார். பிரெஞ்சு யுத்தத்துக்காக மன்னன் விதித்த ரோமவரியில் அவர் கையும் இருந்தது. அந்தப் பாவமே அவரை மூழ்கடித்தது என்று அக்காலத்து மடத்துத் துறவி ஒருவர் எழுதிவைத்தார்.

1645-ல், உள்நாட்டுப் போரின்போது, பார்லிமெண்டுப் படைக்கு மாளிகை பணிந்தது. பின்னர் வெளிமதிலைத் தாழ இடித்தார்கள், கூடத்தைத் தொடவில்லை. மிரட்ட எழுந்த மதில் போயிற்று. வாழ எழுந்த கூடம் எழுநூறு ஆண்டு கடந்தும் நிற்கிறது.