திருப்புளி யார் கையில்?

கணினிக்குள் இன்னொரு ஹார்ட் டிஸ்க் பொருத்துவது ஆண்களின் வேலை என்று எழுதிவைத்தது யார்? மின்னிணைப்பைத் துண்டித்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். கையிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட வேண்டும். மூன்றரை அங்குல டிஸ்க்கை அதற்குரிய இடத்தில் செருகி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு திருகுகளை முடுக்க வேண்டும். பிறகு இரண்டே கேபிள்கள்: ஒன்று மதர்போர்டுக்கு, மற்றொன்று பவர் சப்ளைக்கு. சாட்டா முனைகள் 'எல்' வடிவில் இருப்பதால் தலைகீழாக நுழையாது. தையல் மிஷினில் பாபின் மாட்டும் கைகளுக்கு இதுவா கடினம்?

1960களில் அப்போலோ விண்கலக் கணினியின் நினைவகத்தைக் காந்த வளையங்களில் கம்பி கோத்து நெய்தவர்கள் அமெரிக்க ஆலைப் பெண்கள். நெய்தவளுக்குத் திருகத் தெரியாதா?

"உனக்கு எதற்கு வம்பு, தள்ளு" என்பதை அக்கறை என்று நம்புகிறோம். ஆய்வேடும் கவிதையும் கடிதமும் புகைப்படமும் கிடக்கும் பெட்டியை அண்ணனிடமோ கணவரிடமோ கடைக்காரரிடமோ ஒப்படைக்கிறோம். யார் திறந்தார், எதைப் பார்த்தார், எதை நகலெடுத்தார் என்று கேட்கவும் கூசுகிறோம். டைரிக்குப் பூட்டுப் போடுகிறவள் பெட்டியின் திருகை மட்டும் பிறர் கையில் விடலாமா?

ஒரு திருப்புளி வாங்குங்கள். உங்கள் எழுத்துக்கு இன்னொரு பிரதியை நீங்களே வையுங்கள்.