கோயம்பேட்டுத் தொழிலாளியைக் குற்றவாளி ஆக்காதீர்கள்



"கோயம்பேட்டுக்காரன்தான் ஊருக்குள் கொரோனாவைக் கொண்டு வந்தான்" என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சிலர் எழுதுகிறீர்கள். 2020 மே மாதம் சந்தையிலிருந்து விழுப்புரம், கடலூர் திரும்பிய பலருக்குத் தொற்று இருந்தது உண்மை. அவர்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டீர்களா?

இரண்டு விடைத்தாளில் ஒரே பிழை இருந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். கொரோனா மரபணு சுமார் 30,000 எழுத்து. பரவப் பரவ, மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு எழுத்து மாறும். ஒரே மாற்றம் இருந்தால் ஒரே கிளை. ஐதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் இப்படிப் படித்துத்தான், தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் டெல்லியிலும் பரவிய ஒரு கிளையைக் கண்டார்கள். அது 2020 பிப்ரவரி வாக்கிலேயே நாட்டுக்குள் வந்திருக்கும் என்றார்கள். கோயம்பேட்டுக்கு முன்பே!

ஆனால் நாடு தழுவிய இன்சாகாக் அமைப்பு வந்தது 2020 டிசம்பரில். சென்னையில் மாநில அரசின் மரபணு ஆய்வகம் 2021 செப்டம்பரில், இரண்டு அலை ஓய்ந்த பிறகு. பழி மட்டும் முதல் நாளே வந்துவிட்டது.

மரபணுகூடக் கிளையைத்தான் காட்டும், குற்றவாளியைக் காட்டாது. மூட்டை தூக்கிப் பிழைத்தவரை ஏசுவதை விடுங்கள். அடுத்த நோய் வந்தால், முதல் வாரமே மரபணுவைப் படியுங்கள் என்று அரசைக் கேளுங்கள்.

– உங்கள் ஆசிரியர், ஒலக்கூர்