சைலன்சரைத் திட்டுகிறோம், காற்றை மறந்துவிட்டோம்



போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வீடியோ சுற்றியது. இஷாவுக்குப் பிறகு, பிரதான வீதியில், சைலன்சரை வெட்டிய மூன்று பைக்குகள். கீழே கருத்துகள் கொட்டின. "காது கிழியுது", "பெற்றார் எங்க?", "பொலிஸ் எங்க?" என்று ஆளாளுக்குத் திட்டினோம். திட்டியதில் பிழையில்லை. நோயாளி இருக்கும் வீடு, கைக்குழந்தை தூங்கும் வீடு என்று பார்க்காமல் ஓடுகிறவனைத் திட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். அந்தப் பிள்ளைகள் போட்ட சத்தம் நம் வீட்டு வாசலில் அரை நிமிடம். அவர்களைத் திட்டிய நாம் அடுத்த நாள் காலையில் பைக்கில் ஏறி, அதைவிடப் பல மடங்கு நேரம் நம் சொந்தக் காதுக்குள் சத்தத்தை ஊற்றிக்கொண்டே தொழிலுக்குப் போகிறோம். அதற்கு யார் வீடியோ எடுப்பது? யாரைத் திட்டுவது?

இந்தச் சத்தம் எஞ்சின் சத்தமல்ல. காற்றுச் சத்தம்.

"நாம்" என்று எழுதுவது அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கம் தினமும் போய் வரும் ஆசிரியர்களையும் சேர்த்துத்தான். சுபஹ் தொழுதுவிட்டு, பிளேன்டியைக் குடித்துவிட்டு, 7.30 மணிக்கு முன் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க ஓடுகிறோம். போக 40 கிலோமீற்றருக்கு மேல், வர அதே அளவு. திருக்கோவில் தாண்டினால் வீடுகள் குறைந்துவிடும், வீதி நேராகிவிடும், கை தானாக முறுக்கும். கச்சான் காலத்தில் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். ஹெல்மட்டுக்குள் 'ஹோ' என்று ஓர் இரைச்சல். அதைப் பயணத்தின் ஒரு பகுதி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் இறங்கி ஹெல்மட்டைக் கழற்றியதும் காதுக்குள் கொஞ்ச நேரம் 'கீ' என்று கேட்கும். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வோம்: "மச்சான், இன்னும் பைக் ஓடுதுடா."

அது சிரிக்கிற விசயமில்லை. காது நம்மிடம் முறைப்பாடு செய்கிற சத்தம் அது.

கணக்கைப் பார்ப்போம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் காலப்போக்கில் காது கெடும் என்பது தொழிற் பாதுகாப்புத் துறையில் பரவலாக ஏற்றுக்கொண்ட எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணித்தியாலம். 91 என்றால் 2. 94 என்றால் ஒன்று. 97 என்றால் அரை மணித்தியாலம். பிரிட்டனில் 1990களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் காதருகே சிறிய மைக் வைத்து அளந்து பார்த்தார்கள். ஹெல்மட் போட்டிருந்தும், மணிக்கு 65 கிலோமீற்றரை நெருங்கும்போதே 90 டெசிபலைத் தொட்டது. வேகம் கூடக்கூட அது விறுவிறுவென்று ஏறியது.

இப்போது நம் வீதிக்கு வாருங்கள். மீற்றரில் 60 காட்டுகிறது. எதிரே கச்சான் 20, 25 இல் வருகிறது. காதுக்கு அது 60 அல்ல, 80க்கு மேல். போக முக்கால் மணித்தியாலம். பள்ளிக்கூட மணி அடிக்குமுன்பே அன்றைய நாளுக்குரிய பங்கில் பெரும்பகுதியைத் தின்று முடித்துவிடுகிறோம். மீதியையும் அதற்கு மேலும் திரும்பி வரும்போது தின்கிறோம். கிழமைக்கு 5 நாள். வருடக்கணக்காக.

உள்காதில் ஒலியைப் பிடிக்கும் நுண்ணிய மயிர்க்கலங்கள் உண்டு. பிறக்கும்போது ஒரு காதில் ஏறத்தாழ 15,000. அவை செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. மருந்தில்லை, ஒப்பரேசனால் சரிக்கட்டவும் முடியாது. முதலில் சாவது கூர்மையான ஒலியைப் பிடிக்கும் கலங்கள். அதனால்தான் ஆரம்பத்தில் யாருக்கும் தெரிவதில்லை. பஸ் ஹோன் கேட்கும், பாங்கு கேட்கும், ஆள் பேசுவதும் கேட்கும். பேசுகிற சொல் மட்டும் மங்கிப்போகும். 'ஸ', 'ச', 'ஃப' போன்ற எழுத்துகள்தான் முதலில் நழுவும்.

எங்களில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். யார் என்று கேட்காதீர்கள்.

ஏழாம் ஆண்டு வகுப்பு. பின்வரிசையில் மெல்லிய குரலில் ஒரு பெண்பிள்ளை. அவள் விடை சொன்னாள். இவர் "சத்தமாச் சொல்லுங்க" என்றார். மறுபடி சொன்னாள். "வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா?" என்றார். வகுப்பு சிரித்தது. பிள்ளை கண் கலங்கி, "சேர், நான் மூணு தரம் சொல்லிட்டன்" என்றாள். முன்வரிசைப் பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அவருடைய பாடத்தில் கை உயர்த்தவில்லை. பிள்ளைக்குத் திமிர் என்று நினைத்துக்கொண்டு ஒரு தவணையையே அவர் ஓட்டிவிட்டார்.

வீட்டில்தான் உண்மை வெளியே வந்தது. மகளுக்கு 9 வயது. மஃரிபுக்குப் பிறகு வாப்பாவிடம் ஓதிக் காட்டுவாள். ஒருநாள் ஓதலை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம்: "வாப்பா, நான் இப்ப வேணுமெண்டே பிழையா ஓதினன். நீங்க ஏன் ஒண்டும் சொல்லல்ல?" நாக்கு நுனியைப் பல்லில் வைத்துச் சொல்லும் 'ஸா' வரும் இடத்தில் 'ஸீன்' போட்டு ஓதியிருக்கிறாள். வாப்பாவின் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழுந்திருக்கிறது. எழுத்துக்கு எழுத்து உச்சரிப்புத் திருத்திப் பெயர் வாங்கிய மனிதர் அவர்.

கிளினிக்கில் காதைச் சோதித்து ஒரு வரைபடம் கொடுத்தார்கள். மற்ற இடமெல்லாம் ஓரளவு சரி. 4000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் குழி விழுந்ததுபோல் ஓர் இறக்கம். சத்தத்தால் கெட்ட காதில் பெரும்பாலும் காணும் அடையாளம் அது. காற்று மட்டும்தான் காரணம் என்று எந்த வைத்தியரும் சத்தியம் பண்ண மாட்டார். வயது இருக்கிறது, சீனி வருத்தம் இருக்கிறது, கலியாண வீட்டு ஸ்பீக்கர் இருக்கிறது. ஆனால் 12 வருடமாகத் தினம் ஒன்றரை மணித்தியாலம் என்று சொன்னபோது வைத்தியர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம்.

அதன் பிறகுதான் நாங்கள் விழித்தோம். இதைச் சொன்னால் நம்மவர்கள் சொல்லும் பதில்கள் மூன்று.

முதலாவது, "ஹெல்மட் போடுறந்தானே." ஹெல்மட் மண்டையைக் காக்கும். அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. ஆனால் காற்றுச் சத்தத்தின் பெரும்பகுதி பிறப்பதே ஹெல்மட்டைச் சுற்றித்தான். காற்று ஹெல்மட்டில் மோதி, அதன் கீழ் விளிம்பிலும் கண்ணாடி இடுக்கிலும் சுழல்கிறது. அந்தச் சுழலின் இரைச்சல் நாடிக்குக் கீழால் உள்ளே ஏறி நேரே காதுக்குப் போகிறது. தளர்ந்த ஹெல்மட், வார் பூட்டாத ஹெல்மட், கண்ணாடி உடைந்த ஹெல்மட் என்றால் சத்தம் இரட்டிப்புத் தொல்லை. நம்மில் எத்தனை பேர் வாரைப் பூட்டுகிறோம்? பொலிஸுக்காகத் தலையில் கவிழ்த்திருக்கும் சட்டி அது. விழுந்தால் நமக்கு முன் அது உருண்டு போகும்.

இரண்டாவது, "காத அடைச்சா ஹோன் எப்படிக் கேக்கும்?" நியாயமான கேள்வி. பஞ்சுரப்பர்போல் இருக்கும் காதடைப்பான் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் குறைக்கும். காற்றும் குறையும், ஹோனும் குறையும். ஆனால் நேர் வீதியில் வேகமாகப் போகும்போது ஹோனை மறைப்பது காதடைப்பான் அல்ல, காற்று இரைச்சல்தான். கறுப்புக் கண்ணாடி போட்டால் வெயிலில் வீதி தெளிவாகத் தெரிவதில்லையா? அதுபோலத்தான். முதல் நாள் நாங்களும் பயந்தோம். பின்னால் வந்த லொறியின் ஹோன் முன்பைவிடத் தெளிவாகவே கேட்டது. பாட்டுக் கேட்கும் இயர்போன் இதற்கு மாற்றல்ல. காற்று 90 இல் இரைந்தால் பாட்டு அதையும் மிஞ்ச வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு அடி.

மூன்றாவது, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்." நாட்டம்தான். ஆனால் இதே நாம் நெல்லை மழையில் விட்டுவிட்டு நாட்டம் என்று சொல்வதில்லை, தாள் போட்டு மூடுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். காதும் அமானிதம்தான்.

ஊருக்குள் 30 இல் மீன் வாங்கப் போகிறவருக்கு இதெல்லாம் தேவையில்லை. அவர் ஹெல்மட்டைப் போட்டு வாரைப் பூட்டினால் போதும். நாம் சொல்வது தூரப் பயணம் போகிறவர்களுக்கு.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. தலைக்குச் சரியான அளவில் ஹெல்மட் வாங்குங்கள். தலையை ஆட்டினால் ஹெல்மட் தனியே ஆடக் கூடாது. ஆசிரியைகள் பர்தாவோடு போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். துணியில்லாமல் பார்த்து வாங்கினால் ஒன்றில் இறுக்கும், அல்லது துணி சுருண்டு இடைவெளி விடும். காதின் மேல் இருக்கும் துணி சத்தத்தைத் தடுக்காது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுங்கள். கழுத்தைச் சுற்றி ஒரு துணியைக் கட்டி, கீழிருந்து ஏறும் காற்றை அடையுங்கள். பைக்குக்கு முன்னால் சிறிய கண்ணாடித் தட்டுப் பூட்டினால் சத்தம் குறையும் என்று நினைக்காதீர்கள். உயரம் பிழைத்தால் சுழல்காற்றை நேரே ஹெல்மட்டில் கொண்டுவந்து அடிக்கும்.

காதடைப்பானைப் பாமசியிலோ பாதுகாப்புச் சாமான் விற்கும் ஹாட்வெயாரிலோ கேளுங்கள். சுத்தமான கையால் மெல்லியதாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அமர்த்திப் பிடிக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பயனில்லை. ஒழுங்காக வைத்தால் 20 டெசிபல் அளவுக்குக் குறையும். அழுக்கானதை வீசிவிட வேண்டும். சாதாரணப் பஞ்சை உருட்டி வைப்பதில் பெரிதாக ஒன்றும் குறையாது. காதில் வலியோ சீழோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 10 நிமிடம் முன்னால் வெளிக்கிடுங்கள். 80 இல் ஓடுவதை 60 ஆக்கினாலே காதுக்குள் பெரிய வித்தியாசம் தெரியும். 70க்கு மேல் ஓட நமக்குச் சட்டமும் இடம் தரவில்லை.

பெரியவர்களிடமும் சில கேள்விகள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கண்ணையும் பல்லையும் பார்க்க ஆள் வருகிறார்கள். தினமும் 80 கிலோமீற்றர் ஓடும் ஆசிரியரின் காதை வருடத்துக்கு ஒரு தரம் சோதிக்க ஏன் ஓர் ஏற்பாடு இல்லை? இடமாற்றத்துக்காக மட்டும் வாய் திறக்கும் சங்கங்கள் இதற்கும் திறக்கலாமே? மகன் ஏ.எல். எழுதி முடித்த கையோடு பைக் எடுத்துக் கொடுக்கும் வாப்பாமாரே, பைக்குக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு ஹெல்மட்டுக்கு மட்டும் ஏன் பேரம் பேசுகிறீர்கள்? வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஹெல்மட், டாங்கியில் இருக்கும் பிள்ளைக்கு வெறும் தொப்பி. அந்தப் பிள்ளையின் காது யாருடைய பொறுப்பு?

காது கேட்காதவரை "செவிடன்" என்று கேலி பண்ணும் பழக்கத்தையும் விட வேண்டும். கண்ணாடி போட்டால் படித்தவர், காதுக்கருவி போட்டால் கிழவன் என்கிறோம். அந்தக் கேலிக்குப் பயந்துதான் எங்கள் நண்பர் இரண்டு வருடம் கிளினிக் பக்கம் போகவில்லை.

எங்கள் ஆசிரியர் அறை மேசையில் இப்போது சோக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காதடைப்பான் பெட்டியும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்து வாங்குகிறோம். முதல் கிழமை சிரித்தவர்கள் இப்போது அவர்களாகவே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நண்பர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "மகள், பிழை உங்கட வாயில இல்ல, என்ட காதுல" என்று வகுப்புக்கு முன்னாலேயே சொன்னார். அவளை இப்போது முன்வரிசைக்கு மாற்றியிருக்கிறார். போன கிழமை அவள் கை உயர்த்தினாளாம்.

தூரம் ஓடுகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மெல்லிய குரலில் வாசித்துப் பாருங்கள். "என்ன?" என்று திருப்பிக் கேட்டால், அடுத்த கிழமையே அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.