பர்தீப்பா, பவனா? கும்மிடிப்பூண்டி ரயிலில் தீராத பஞ்சாயத்து

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில், மீஞ்சூர் தாண்டினால்தான் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். கல்லூரிப் பையன்கள் கதவோரம் ஒதுங்குவார்கள். ஒருவன் கையில் செல்போன், அதைச் சுற்றி நாலு தலைகள். "பர்தீப்புக்கு நிகர் எவன்டா இருக்கான்?" என்று ஒருவன் பற்ற வைப்பான். "உங்காளு குனிவாரு. பவன் பறப்பாரு. ரெண்டும் ஒண்ணா?" என்பான் இன்னொருவன். பொன்னேரி, கவரப்பேட்டை தாண்டி வண்டி கும்மிடிப்பூண்டிக்கே வந்து நின்றாலும் தீர்ப்பு மட்டும் வராது.

ஜூன், ஜூலை மாதங்களில் இந்தப் பஞ்சாயத்துக்குச் சூடு அதிகம். கல்லூரி திறந்து, கபடி அணிக்கு ஆள் எடுத்து, போட்டிகள் தொடங்குவதற்கு முந்தைய பயிற்சிக் காலம் அது. யார் ரெய்டர், யார் கார்னர், யார் பெஞ்ச் என்பதெல்லாம் முடிவாவது இப்போதுதான். ஏழு பேர் கொண்ட அணியில் எல்லோருக்கும் ரெய்டர் ஆகத்தான் ஆசை. பிடிப்பவனை யார் ரீல்ஸ் போடுகிறார்கள்?

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். புரோ கபடியில் அதிக ரெய்டு புள்ளிகள் எடுத்தவர் பர்தீப் நர்வால். மொத்தம் 1,801. 2017 சீசனில் மட்டும் 369. அந்த ஆண்டு ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 34 புள்ளிகள் எடுத்தார். இனி இதை யார் தொடுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, 2019-ல் பவன் ஷெராவத் 39 எடுத்தார். அதுவும் அதே ஹரியானா அணிக்கு எதிராக! பாவம் அந்த அணி. அந்த சீசனில் பவனின் ரெய்டு புள்ளிகள் 346. ஆட்டத்துக்குச் சராசரி என்று வகுத்தால் இருவருக்குமே 14-க்கு மேல் வருகிறது. ஆக, கணக்கை வைத்து இந்த வழக்கை முடிக்க முடியாது.

ராகுல் சௌத்ரி ரசிகர்களுக்கு இதில் ஒரு நியாயமான வருத்தம் உண்டு. லீக்கின் ஆரம்ப சீசன்களில் எட்டே அணிகள், ஆட்டங்களும் குறைவு. 2017-ல்தான் தமிழ் தலைவாஸ் உட்பட நான்கு புதிய அணிகள் வந்து எண்ணிக்கை 12 ஆனது, ஆட்டங்களும் கூடின. பதினாறு ஆட்டம் ஆடியவரையும் இருபத்தாறு ஆட்டம் ஆடியவரையும் ஒரே தராசில் வைப்பது எப்படி?

கணக்கில் வராத இன்னொன்றும் இருக்கிறது. ரெய்டர் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். அவர் திரும்பி உள்ளே வர, அவருடைய அணி எதிரணியில் ஒருவரையாவது வெளியேற்றியாக வேண்டும். கார்னரும் கவரும் பலமாக உள்ள அணியின் ரெய்டர் சட்டென்று உயிர் பெற்று வருவார். பிடி பலவீனமான அணியில் எப்பேர்ப்பட்ட ரெய்டரும் பாதி ஆட்டத்தைப் பெஞ்சில்தான் கழிப்பார். ரெய்டரின் பெயரில் ஏறும் புள்ளியில், கணுக்காலைப் பிடித்துத் தொங்கும் கார்னர்காரனுக்கும் பங்கு இருக்கிறது. ரயில் பஞ்சாயத்தில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடக்கிறது. அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து அல்ல. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறிப்பவர்களை ஏய்த்து ஓடும் ஆட்டம். அப்படி ஓடுபவரை 'ரன்னிங் பேக்' என்பார்கள். பேரி சாண்டர்ஸ் 1988-ல் கல்லூரி மாணவராக ஒரே சீசனில், 11 ஆட்டங்களில், 2,628 கஜம் ஓடினார். பிறகு தொழில்முறை லீக்கில் பத்து ஆண்டுகள். அப்போதைய சாதனையை முறியடிக்க இன்னும் 1,457 கஜம்தான் பாக்கி. 1999-ல், சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், போதும் என்று விலகிவிட்டார். எம்மிட் ஸ்மித் பதினைந்து ஆண்டுகள் ஆடி 18,355 கஜத்தோடு முதலிடம் பிடித்தார். ஸ்மித்துக்கு வழி திறந்துவிட முன்வரிசையில் பலசாலிகள் இருந்தார்கள், சாண்டர்ஸ் தன் இடுப்பு நெளிவை நம்பியே ஓடினார் என்று அவருடைய ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நம் ரயிலில் ஏற்றிவிட்டால் அவர்களும் கும்மிடிப்பூண்டி வரை பேசிக்கொண்டே வருவார்கள்.

சரி, மைதானத்துக்கு வருவோம். பர்தீப்பின் அடையாளம் 'டுப்கி'. கைகோத்துச் சங்கிலியாக நிற்கும் இருவர் நெருக்கும்போது, அந்தக் கைகளுக்கு அடியில் முங்கி, மறுபக்கம் எழுந்து நடுக்கோட்டைத் தொடுவது. பார்க்கும்போது தலையைக் குனிகிறார் என்றுதான் தோன்றும். உண்மையில் அவர் இறக்குவது இடுப்பை. முழங்கால் மடிந்து, இடுப்பு தாழ்ந்து, கண் மட்டும் கோட்டைப் பார்த்தபடி இருக்கும். இடுப்பை இறக்காமல் தலையை மட்டும் நுழைக்கும் பையன், மேலே விழும் இரண்டு பேரின் எடையைக் கழுத்தில் வாங்குகிறான். விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் முதல் சில வாரங்களுக்கு டுப்கி என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார்கள். ஓட்டம், உட்கார்ந்து எழுதல், பக்கவாட்டு நடை, விழக் கற்றுக்கொள்வது, பிறகு மூச்சு. முப்பது விநாடியும் 'கபடி கபடி' என்ற பாட்டு அறுபடக் கூடாது. நின்ற இடத்தில் பாடுவது யாருக்கும் முடியும். இரண்டு பேரை இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கித் தவழும்போது பாடுவதுதான் பாடம்.

பவனின் வித்தை வேறு. அவர் காத்திருப்பதில்லை. ஓடிக்கொண்டே கையை நீட்டித் தொட்டுவிட்டு, மறிப்பவரின் மேலாகத் தாவி வந்துவிடுவார். அதற்குத் தொடையில் வெடி மருந்து வேண்டும். அஜய் தாக்கூர் உயரத்தை வைத்து ஆடினார்; 2016 உலகக் கோப்பை இறுதியில் ஈரானை 38-29 என்று இந்தியா வென்றபோது அவர் எடுத்த புள்ளிகள் 12. அனுப் குமார் வேர்க்காமல் விறுவிறுக்காமல் போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்புவார். கல்லூரி வயதுப் பையனுக்குப் பாடமாக வைக்கத் தகுந்தவர் அனுப் குமார்தான். ஆனால் அவரைப் போல ஆடினால் ரயிலில் யாரும் கைதட்ட மாட்டார்கள்!

நம்மூர்ப் பெயர்களுக்கும் குறைவில்லை. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். 'பைசன்' படம் வந்த பிறகுதான் பல பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்தது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்த இந்தியப் பெண்கள் அணி, 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியின் இறுதியில் ஈரானை 75-21 என்று வென்றது. அதன் பிறகு, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கபடி" என்று கேட்ட வீடுகளில் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் இந்தப் பக்கத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிப்காட் பக்கத்திலேயே இருக்கிறது. அப்பாவோ அண்ணனோ ஷிப்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள், விடுமுறை நாட்களில் தாங்களும் ஒப்பந்த வேலைக்குப் போவது உண்டு. இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, விடியற்காலை ஆறு மணிக்கு மைதானத்தில் ஓடினால் உடம்பு என்ன ஆகும்? தூக்கமில்லாத கால் ஒரு நொடி தாமதமாகத்தான் திரும்பும். கபடியில் அந்த ஒரு நொடியில்தான் முழங்கால் போகிறது.

தரையும் மாறிவிட்டது. ஊரில் பொங்கலுக்கு ஆடுவது மண்ணில். கால் வழுக்கும், தோல் உரியும், அதோடு போகும். பெரிய போட்டிகள் நடப்பதோ மேட்டில். அங்கே ஷூ தரையைக் கவ்விக்கொள்ளும். பாதம் நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பினால் முழங்காலின் உள்ளே உள்ள தசைநார் கிழிகிறது. மண்ணில் ஆடிப் பழகியவனை முதல் வாரத்திலேயே மேட்டில் முழு வேகத்தில் இறக்குவது ஆபத்து. ஷூவுக்கும் மேட்டுக்கும் கால் பழகவே சில வாரங்கள் ஆகும்.

அணியில் இடம் போய்விடுமோ என்று பயந்து வலியை மறைக்கும் பையன்கள் அதிகம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட், பிறகு போலீஸிலோ ரயில்வேயிலோ வேலை என்று வீடே கனவு காணும்போது, "கால் வலிக்குதுப்பா" என்று சொல்ல வாய் வராது. வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: விழுந்தபோது உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டதா, சில மணி நேரத்தில் மூட்டு வீங்கியதா, படி இறங்கும்போது கால் நழுவுகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். ஐஸ் வைத்து, எலும்பு மருத்துவரிடம் போய்விட வேண்டும். தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தால் மறுபடி களமிறங்கப் பெரும்பாலும் ஒன்பது மாதமாவது ஆகும். கிழிந்த காலோடு ஆடினால் குருத்தெலும்பும் சேர்ந்து போகும்.

பவனுக்கே இது நடந்தது. 2022-ல் தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போன இடத்தில் முழங்கால் போயிற்று. அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. அவர் இல்லாமலே, இளைஞர் நரேந்தர் ரெய்டு போக, தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதி வரை வந்தது. பவன் அவசரப்படாமல் குணமாகித் திரும்பினார். 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசியப் போட்டி இறுதி ஆட்டம். ஈரானை 33-29 என்று இந்தியா வென்று தங்கம் வாங்கியபோது அணித்தலைவர் அவர்தான்.