பெற்றோருக்கு: கடிதத்தில் ஏன் இத்தனை அடைப்புக்குறி?

டயகம கிழக்கு, மேற்குத் தோட்டங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நம் பிள்ளைகளின் எழுத்து கெடுவதற்கு முதல் காரணம் நாம்தான். டீச்சர்மாரைக் குறை சொல்ல வேண்டாம்.

பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் லீவுக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். “என் மகன் (ஐந்தாம் வகுப்பு) நேற்று (திங்கள்) வரவில்லை (காய்ச்சல்)!!! மன்னிக்கவும்.....” இப்படித்தான் நம்மில் பலர் எழுதுகிறோம். எது முக்கியமான செய்தியோ, அந்தக் காய்ச்சல் அடைப்புக்குறிக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. “ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன் காய்ச்சல் காரணமாகத் திங்கட்கிழமை பாடசாலைக்கு வரவில்லை” என்று எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? பிள்ளை நம்மைப் பார்த்துத்தான் எழுதுகிறது. கட்டுரைக் கொப்பியிலும் அதே அடைப்புக்குறி, அதே புள்ளி வரிசை.

நம் மொழியில் இந்த அடைப்புக்குறிகளுக்குத் தேவையே இல்லை. ஒருவரைப் பற்றிய விவரத்தை அவர் பெயருக்கு முன்னாலேயே சேர்த்துவிடலாம். “போன வாரம் மலையில் வழுக்கி விழுந்த அக்கா” என்று வாயால் எவ்வளவு இலகுவாகச் சொல்கிறோம்! அதையே எழுதும்போது ஏன் உடைக்கிறோம்? கேள்விக்குறியும் அப்படித்தான். “சாப்பிட்டியா” என்றாலே கேள்விதான். ஒரு கேள்விக்குறி தாராளம். கொழும்பில் வேலை செய்யும் அப்பா வட்ஸ்அப்பில் நான்கு கேள்விக்குறி போட்டு அனுப்பினால், அன்பாகக் கேட்டதும் அதட்டலாகத்தான் பிள்ளைக்குப் படும்.

ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை. அச்சு வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டில், நல்லூர் ஆறுமுக நாவலர் தமது உரைநடையில் இந்தக் குறிகளை முறையாகப் பயன்படுத்தினார். படிக்கிறவருக்குப் பொருள் தடுமாறக் கூடாது என்பதற்காகவே குறிகள். நாமோ பொருள் தடுமாறுவதற்கே அவற்றைப் போடுகிறோம்.

பள்ளிக் கடிதத்தோடு போகிற விஷயமென்றால் இவ்வளவு சொல்லமாட்டேன். தோட்டக் காரியாலயத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதுகிறோம்: “இந்த மாதம் (மழை) பேர் குறைவு (4 நாள்)!!” மழையால் வேலையே நடக்கவில்லையா, மழையில் நனைந்து கொழுந்து பறித்தும் அந்த நாள் வேலைக்கான பேர் விழவில்லையா? படிக்கிறவர் தனக்கு வசதியானபடி எடுத்துக்கொள்வார். இழப்பு 4 நாள் சம்பளம். “மழையிலும் வேலைக்குப் போன 4 நாளுக்கு எனக்குப் பேர் போடவில்லை” என்று எழுதிப் பாருங்கள், தட்டிக்கழிக்க இடமிருக்காது.

நம் கையில் எழுத்தே இல்லாத காலமும் இருந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு, இந்தியக் குடியுரிமையா இலங்கைக் குடியுரிமையா என்று விண்ணப்பம் கொடுத்த நம் தாத்தா பாட்டிமாரில் எத்தனையோ பேர் அடுத்தவர் எழுதிய தாளில் கைநாட்டு வைத்தவர்கள். தாளில் என்ன இருந்தது என்று படிக்க அவர்களுக்குத் தெரியாது. இன்று லயத்தில் பல வீடுகளில் கடிதம் எழுதுவதே பிள்ளைகள்தான். கிடைத்த எழுத்தை இப்படி அரைகுறையாகப் பழக்குவது பெரிய தவறு.

அடைப்புக்குறியே ஆகாது என்று சொல்லவில்லை. கணக்கில் போடட்டும், அடையாள அட்டை இலக்கத்தைப் பெயருக்குப் பக்கத்தில் போடட்டும். ஆனால் சொல்ல வந்ததை வாக்கியமாகச் சொல்லப் பிள்ளைக்குப் பழக்க வேண்டியது நாம். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அடைப்புக்குறி வரும் இடத்தில் பிள்ளை திக்கினால், அந்த வரியைத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன், அடுத்த லீவுக் கடிதத்தை நீங்கள் ஒழுங்காக எழுதிக் கொடுங்கள்.